சுருக்கமும் சுருங்கலும்

அந்த லாண்டரிக் கடையில் மாற்றிச் சொல்லக் கூடாத இரண்டு வார்த்தைகள் உண்டு. ஒன்று சுருக்கம், இன்னொன்று சுருங்கல். காதில் விழும்போது அக்கா தங்கை மாதிரிதான் இருக்கும். ஆனால் அக்கா வந்தால் வேலை, தங்கை வந்தால் வம்பு. சட்டையில் சுருக்கம் என்றால் தண்ணீரைத் தெளித்து இஸ்திரிப் பெட்டியை இரண்டு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. கம்பளிக் கோட்டு சுருங்கிவிட்டது என்றால் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் அது பழையபடி ஆகாது. அப்பாவின் கோட்டாக உள்ளே போனது பிள்ளையின் கோட்டாக வெளியே வரும். அதைக் கையில் வாங்குகிறவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க கடையில் யாருக்கும் தைரியம் இருக்காது.

கடைக்காரருக்குத் தெருவில் 'மடிப்பு' என்று பெயர். துணியை மடித்து மடித்து, கைக்கு எது கிடைத்தாலும் மடிக்கிற வழக்கமாகிவிட்டது. செய்தித்தாளைப் படித்து முடித்தால் நாலாக மடிப்பார், மூக்கைத் துடைத்த கைக்குட்டையையும் நாலாக மடிப்பார். பேசச் சொன்னால் மட்டும் அவரிடம் எட்டாக மடித்த பேச்சுதான் வரும். அதற்கும் சேர்த்து அவர் மனைவி பேசினாள். துணி வாங்குகிற மேஜை அவளுடையது. கை அவருடையது, வாய் அவளுடையது, கடை இரண்டு பேருடையது என்று தெருவே சொல்லும்.

மடிப்புக்குக் கல்லீரலில் ஒரு நாள்பட்ட வியாதி. கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கிவருகிற குழாய்களில் தழும்பு விழுகிற வியாதி அது. ஏன் வருகிறதென்று டாக்டர்களுக்கே சரியாகத் தெரியாது. ஊராருக்குத் தெரியாதா என்ன? ஈரல் கெட்டது என்றாலே பாட்டில்தான் என்று முடிவு கட்டி, ஆளுக்கு ஆள் காதைக் கடித்தார்கள். ஒரு சொட்டு தொடாத மனுஷனைப் பற்றி அப்படிப் பேசினால் அவள் சும்மா விடுவாளா? "ஆமா, குடிக்கிறாரு. தினமும் என் உயிரைத்தான் குடிக்கிறாரு. வேற எதையும் தொட்டதில்ல" என்று மேஜையைத் தட்டிச் சொல்லி அனுப்புவாள். மாத்திரையும் ரத்தப் பரிசோதனையுமாக வருடங்கள் ஓடின. வியாதி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறதை எழுப்பக் கூடாது என்று அவர்களும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள்.

அது விழித்துக்கொண்டதைக் கண்டுபிடித்தது ஒரு சண்டை. அன்றைக்கு அவர் ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் போட்டார்.

"காலர்ல மஞ்சக் கறை அப்படியே இருக்கு. வாங்கும்போது பாத்து வாங்க மாட்டியா?"

"எங்க இருக்கு கறை? பால் மாதிரி இருக்கு."

"இருக்கு. நல்லாப் பாரு."

"நான் நல்லாத்தான் பாக்குறேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாத்தான் தெரியும்!"

ஆயிரம் தடவை சொன்ன பழமொழி அது. சொல்லிவிட்டு, சண்டையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவதற்காகத்தான் முகத்தை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். வாசல் வெளிச்சம் அவர் முகத்தில் நேராக விழுந்திருந்தது. அவர் கண்ணில் வெள்ளையாக இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. அவள் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அந்த வாய் அப்படி நிற்பது அபூர்வம் என்பதால் மடிப்பும் பயந்துபோனார்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. கடையைச் சாத்துங்க. டாக்டர்கிட்ட போகணும்."

யோசித்துப் பார்த்தால் அறிகுறி எல்லாம் முன்னாலேயே வரிசையில் வந்து நின்றிருக்கிறது. கொஞ்ச நாளாக அவர் ஹேங்கர் கம்பியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். கேட்டதற்கு, புது சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். உள்ளங்கால், உள்ளங்கை என்று அரிப்பு இடம் மாறிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவளும் சோப்புத்தூள் விற்றவனை வாய் நிறையத் திட்டிவிட்டு விட்டுவிட்டாள். பாவம், அந்த ஆள் எங்கேயோ விக்கிக்கொண்டிருந்திருப்பான்.

கல்லீரல் டாக்டர் ஒரு பெண். சின்ன உருவம், நிதானமான குரல். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த நாள் டாக்டர் படத்தைத் திரையில் போட்டு விரலால் காட்டினார்.

"கல்லீரல்லேர்ந்து பித்தம் இறங்குற பெரிய குழாய் இது. இங்க பாருங்க, இந்த இடத்துல சுருக்கம் இருக்கு. குழாய் நல்லா சுருங்கிப்போச்சு. பித்தம் கீழ இறங்க வழியில்லாம ரத்தத்துல ஏறுது. மஞ்சளும் அதனாலதான், அரிப்பும் அதனாலதான். வாய் வழியா கேமரா வெச்ச டியூபை விட்டு, குழாய்க்குள்ள சின்ன பலூனைக் கொண்டுபோய் ஊதி விரிச்சுப் பாப்போம். இந்த வாரமே செஞ்சிடலாம்."

இங்கேதான் கோளாறு நடந்தது. டாக்டர் ஒரே மூச்சில் இரண்டு வார்த்தையையும் சொல்லிவிட்டார். 'சுருக்கம்' என்ற இடத்திலேயே மனைவிக்குப் போன உயிர் திரும்பிவந்தது. அட, சுருக்கம்தானா! அதற்குமேல் அவள் காதில் பலூனைத் தவிர எதுவும் ஏறவில்லை. மடிப்போ முதல் வார்த்தையைக் கவனிக்கவே இல்லை. 'சுருங்கிப்போச்சு' என்பது மட்டும்தான் அவருக்குக் கேட்டது. அதற்குமேல் அவர் காதிலும் எதுவும் ஏறவில்லை. இரண்டு பேரும் டாக்டருக்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்கள்.

வரும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டாள். மடிப்பின் தங்கையான இந்த நாத்தனார் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அத்தனை பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியதால் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

"பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லடி. உள்ள குழாய்ல ஏதோ சுருக்கமாம். பலூனை விட்டு நிமித்திடுவாங்களாம்."

"அவ்வளவுதானா அண்ணி? நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டுல்ல பேசுறேன்!"

இருவரும் சிரித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தவர் அந்தச் சிரிப்பைக் கேட்டார். என்னைத் தேற்றுவதற்காக எப்படி நடிக்கிறாள், மகராசி, என்று நினைத்துக்கொண்டார். மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தார்.

அந்த வாரம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கல்யாண வீட்டுத் துணி வந்திருக்கிறது என்றார். அடுத்த வாரம் ஹோட்டல் மேஜைவிரிப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்றார். அவளுக்கும் அவசரம் தெரியவில்லை. சுருக்கம் எங்கே ஓடிவிடப் போகிறது? நாளைக்கு எடுத்தாலும் அதே சுருக்கம்தானே. இதற்கிடையில் மனுஷன் வழக்கத்துக்கு மாறாகப் பேச ஆரம்பித்தார். பட்டுக்கு எவ்வளவு சூடு, கம்பளிக்கு ஈரத்துணியை மேலே போட்டு எப்படி அழுத்துவது, ஸ்டீம் பெட்டி மக்கர் பண்ணினால் யாரைக் கூப்பிடுவது என்று உட்காரவைத்துச் சொன்னார். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு? நீங்க இருக்கீங்கல்ல?"

அவர் மேஜைவிரிப்பை மடித்தார்.

ஒரு மத்தியானம் அவர் இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் நின்றபடி நடுங்கினார். கொதிக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் குளிரில் நடுங்கினால் என்ன அர்த்தம்? அவள் ஓடிவந்து பெட்டியை வாங்கி நிமிர்த்தி வைத்தாள். நெற்றியைத் தொட்டால் நெருப்பாகச் சுட்டது. துவைத்து வந்திருந்த போர்வை ஒன்றை, யாருடையது என்றுகூடப் பார்க்காமல், அவர்மேல் சுற்றி நாற்காலியில் உட்காரவைத்தாள். பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஒரு சுருக்கத்துக்கு இவ்வளவு அடமா? போய்ப் படுத்தா நிமித்தி அனுப்பிடுவாங்க. சின்னக் குழந்தையா நீங்க?"

"சுருக்கமா?" என்றார். பல் தந்தியடித்தது. "சுருங்கிப்போச்சுன்னு சொன்னாங்க."

"சுருக்கம்னு சொன்னாங்க. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

"எனக்கும் ரெண்டு காது இருக்கு. குழாய் நல்லா சுருங்கிப்போச்சுன்னாங்க." அவர் போர்வையை இழுத்துக்கொண்டார். "சுருங்கினது விரிஞ்சு நீ பாத்திருக்கியா? கோட்டு சுருங்கினா எத்தனை தடவை இழுத்துப் பாத்திருக்கேன். என்ன ஆகும்? கிழியும். இவங்களும் உள்ள போய் இழுப்பாங்க, கிழியும். அதுக்கு இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேனே. உனக்கு வேலையாவது சொல்லிக்குடுத்துட்டுப் போறேன்."

அவள் அப்படியே துணி மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் இந்த மனுஷன் சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேஜைவிரிப்பு தேய்த்திருக்கிறார். அவள் பக்கத்திலேயே இருந்து பாட்டுப் பாடிக்கொண்டு டோக்கன் கிழித்திருக்கிறாள். அதற்குமேல் இன்னொரு திகில் மெதுவாக மேலே ஏறியது. அவர் கேட்டதுதான் சரியாக இருந்தால்? அவர் கை தொட்டுப் பார்த்துச் சொன்ன எந்தத் துணியும் இதுவரை பொய் சொன்னதில்லை.

நாத்தனார் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு கடை வாசலுக்கு வந்தாள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் சீட்டில் அண்ணனைப் படுக்கவைத்து, எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பித்தம் தேங்கிய இடத்தில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்திருக்கிறது என்று சொல்லி உடனே கையில் ஊசியேற்றி மருந்து இறக்கினார்கள். மறுநாள் காலையில் நடுக்கம் நின்றிருந்தது. டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் வாயைத் திறக்கும்முன் கடைக்காரம்மா முந்திக்கொண்டாள்.

"டாக்டர், ஒரே ஒரு கேள்வி. சுருக்கமா, சுருங்கலா?"

டாக்டர் விழித்தார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"உங்களுக்கு ஒண்ணு. எங்க கடையில ரெண்டும் வேற. சுருக்கம்னா எடுத்துடலாம். சுருங்கினா அவ்வளவுதான், கைவிட்டுட வேண்டியதுதான். இவரு அதை நினைச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாள் வராம இருந்தாரு."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு மடிப்பின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"ஐயா சொல்றதுதான் சரி. சுருங்கினதுதான்."

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா இது கம்பளி இல்ல. தழும்பு விழுந்து இறுகிப்போன குழாய். தழும்பை மெல்ல மெல்ல விரிக்கலாம். பெரும்பாலும் விரியும். கிழியுற ஆபத்து கொஞ்சம் இருக்கு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். கணையம் வீங்கி வயித்துவலி வரலாம். ஆனா விரிக்காம விட்டா நேத்து வந்த காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும், கல்லீரலும் கெட்டுக்கிட்டே போகும். இன்னொண்ணும் சொல்லிடறேன். தழும்பாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா இந்த வியாதிக்காரங்கள்ல சில பேருக்கு அந்த இடத்துல புற்றுநோயும் வரலாம். அதனால உள்ள போகும்போதே சின்ன பிரஷ்ஷால தேய்ச்சுக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவேன்."

நாத்தனார்கூட வாயை மூடிக்கொண்டிருந்தாள். மடிப்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்:

"இழுப்பீங்களா, ஊதுவீங்களா?"

"ஊதுவோம். கொஞ்சம் கொஞ்சமா."

"உள்ள காய்ஞ்சு இருக்குமா, ஈரமா இருக்குமா?"

"எப்பவும் ஈரம்தான்."

அவர் விட்டத்தைப் பார்த்து யோசித்தார். விரலால் போர்வையின் ஓரத்தை நீவினார்.

"ஈரத்துல, இழுக்காம, கொஞ்சம் கொஞ்சமா ஊதினா..." என்றார். "சரி. செஞ்சு பாருங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. 'பெரும்பாலும்' என்ற வார்த்தையையும் 'புற்றுநோய்' என்ற வார்த்தையையும் கையில் வைத்துக்கொண்டு, எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

சிகிச்சை நாளன்று காலையில் அவருக்கு முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற ஆஸ்பத்திரி அங்கியைக் கொடுத்தார்கள். அவர் அதை உதறி, வெளிச்சத்தில் பிடித்து, முகம் சுளித்தார்.

"இதை யாரு தேய்ச்சது?"

"யாரும் தேய்க்கலைங்க. மெஷின்லேர்ந்து அப்படியே வரும்" என்றாள் நர்ஸ்.

"அதான் பாத்தாலே தெரியுதே."

"சாமி, நீங்க நல்லபடியா எழுந்து வந்து எங்க எல்லாருக்கும் தேய்ச்சுக் குடுங்க. இப்ப போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார். கழற்றிய சட்டையையும் வேட்டியையும் மடித்து, மடிப்பு மடிப்பின்மேல் உட்காரும்படி அடுக்கி மனைவியின் கையில் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எட்டாக மடித்த பேச்சு, பிரியவில்லை. தள்ளுகட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள். கதவு இரண்டு பக்கமும் ஆடி மூடிக்கொண்டது.

காத்திருக்கிற இடத்தில் வரிசையாக நாற்காலிகள். எதிரே சுவரில் ஒரு டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மடியில் அவருடைய துணி. அது கலையக் கூடாது என்று கையைக் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் பஸ் சாவியை விரலில் சுற்றிச் சுற்றி, கடைசியில் தாங்கமாட்டாமல் சொன்னாள்:

"அண்ணி, ஏதாவது பேசுங்களேன். திட்டுங்க, பரவால்ல. நீங்க பேசாம இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பேசச் சொல்ற? உள்ள ஊதிக்கிட்டு இருப்பாங்க."

"விரிஞ்சிடும் அண்ணி."

"பெரும்பாலும்னாங்க. பெரும்பாலும் விரியும்னுதானே சொன்னாங்க? விரியும்னு சொல்லலையே."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. நான்கூடப் பிள்ளைங்க அம்மாகிட்ட பஸ் பெரும்பாலும் நேரத்துக்கு வரும்னுதான் சொல்றேன். தினமும் வந்துடுறேன்ல?"

அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் தாமதமாக வருகிற பஸ் என்று ஊருக்கே தெரியும். அந்தக் கவலையிலும் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, சிரிக்கும்போதே கண்ணிலும் முட்டியது. நாத்தனார் சாவியைக் கீழே வைத்துவிட்டு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருவரையொருவர் குறை சொல்லியே வளர்ந்த உறவு அது. அன்றைக்கு அந்தக் கையை விட இரண்டு பேருக்கும் மனசில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வந்தார். தலையில் இன்னும் பச்சைத் தொப்பி இருந்தது. அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அவள் எழுந்தாள். மடியிலிருந்த வேட்டியும் சட்டையும் தரையில் விழுந்து கலைந்தன. அவள் கவனிக்கவில்லை.

"விரிஞ்சிடுச்சும்மா."

"கிழியலையே?"

"கிழியல. இங்க பாருங்க."

டாக்டர் கையிலிருந்த இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படத்தில் குழாய் ஒரு இடத்தில் தையல் நூல் அளவுக்கு இளைத்திருந்தது. அடுத்த படத்தில் அதே இடம் கொழுத்த கயிறு போலத் தெரிந்தது.

"மூணு தடவை கொஞ்சம் கொஞ்சமா ஊதினோம். கடைசித் தடவை ஊதினதும், தேங்கியிருந்த பித்தம் எல்லாம் கடகடன்னு இறங்கிடுச்சு. விரிஞ்சது மூடாம இருக்க உள்ள பிளாஸ்டிக் குழாய் எதுவும் வெக்க வேண்டிய அவசியம் வரல. பிரஷ்ல எடுத்ததை அனுப்பியிருக்கேன். அது வர சில நாள் ஆகும். அதையும் பாத்துட்டா நிம்மதி."

அவள் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "நல்லா இருப்பீங்க, நல்லா இருப்பீங்க" என்று மட்டும் சொன்னாள். நாத்தனார்தான் தரையில் கிடந்த துணியை வாரி எடுத்து, எப்படி மடிப்பது என்று தெரியாமல் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவருக்கு வயிறு வலித்தது. உடனே கணையம் என்று பயந்து அவள் நர்ஸை ஓட ஓட விரட்டினாள். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சிகிச்சையின்போது வயிற்றில் நிரம்பிய காற்று, தானாகப் போய்விடும் என்றார்கள். அது போனபோது அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. மடிப்பு வெட்கப்பட்டுப் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டார். அவள் வெட்கப்படவில்லை. அன்றைக்கு அதைவிட நல்ல சேதி அவளுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் காலை, குளியலறைக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. வாழ்க்கையில் அவர் போட்ட மிகப் பெரிய சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

"ஏய்! ஓடி வா! வந்து பாரு!"

வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்துக் கரண்டியோடு ஓடினாள். அவர் கழிப்பறைக் கோப்பையைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

"ஐயே, இதையா பாக்கச் சொல்றீங்க?"

"நிறத்தைப் பாரு!"

பார்த்தாள். இத்தனை நாளும் டீ டிகாக்ஷன் மாதிரி கறுத்துப் போய்க்கொண்டிருந்த சிறுநீர் அன்றைக்கு வெறும் தண்ணீர்போலத் தெளிந்திருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தோளோடு தோள் நின்று, விருந்தாளி வந்த மாதிரி அதைப் பார்த்து ரசித்தார்கள். அடுப்பில் ஏதோ தீய்ந்தது. தீயட்டும் என்று விட்டாள்.

அரிப்பு நாளுக்கு நாள் குறைந்தது. கண்ணில் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அவர் பசிக்கிறது என்றார். இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பேச்சு பழையபடி எட்டாக மடிந்துகொண்டது. அதற்கும் அவள் சந்தோஷப்பட்டாள். ஆனால் பிரஷ்ஷில் எடுத்தது என்ன சொல்லப்போகிறது என்பது அவளுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்தே இருந்தது. போன் மணி அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டாள். வாடிக்கையாளர் யாராவது "ரிசல்ட்" என்று பிள்ளையின் பரீட்சையைப் பற்றிப் பேசினால்கூட அவளுக்கு வியர்த்தது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த முறை அவர் சிரித்துக்கொண்டு வேலை செய்தார், அவள்தான் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு நடமாடினாள். வீட்டில் பயத்தையும் முறைபோட்டுச் சுமந்தார்கள்.

கூப்பிட்ட நாளில் மூன்று பேரும் போனார்கள். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே கையால் உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை.

"நல்ல சேதிதான். புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் அதுல இல்ல. தழும்பு மட்டும்தான்."

அவள் ஓவென்று அழுதுவிட்டாள். சிகிச்சையன்று வராத அழுகை, காய்ச்சலன்று வராத அழுகை, சட்டைக் காலரைப் பார்த்த அன்றைக்கு வந்திருக்கவேண்டிய அழுகை, எல்லாம் ஒன்றாக வந்தது. நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். பஸ் குரலில் அழுதால் எப்படி இருக்கும்? வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே யாரோ போய்விட்டார் என்றே நினைத்திருப்பார்கள். மடிப்பு இரண்டு பேரையும் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல், கைக்குட்டையைப் பிரித்து மனைவியிடம் கொடுத்தார்.

டாக்டர் அழுகை அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஆனா ஒண்ணு சொல்லணும். விரிச்சது விரிஞ்சபடியே இருக்கும்னு நான் உறுதி சொல்ல முடியாது. வியாதி உள்ளதான் இருக்கு. அதே இடமோ வேற இடமோ மறுபடியும் சுருங்கலாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் தொடர்ந்து பண்ணணும். தேவைப்பட்டா மறுபடி ஊதணும். பின்னாடி ஒரு காலத்துல கல்லீரலையே மாத்த வேண்டிவந்தாலும் வரலாம். எப்படியும் நீங்க இங்க வருஷக்கணக்கா வரவேண்டியிருக்கும். மனசைத் தேத்திக்குங்க."

"சுருங்கினா மறுபடி விரிப்பீங்களா?" என்று கேட்டார் மடிப்பு.

"முடியுற வரைக்கும் விரிப்போம்."

"சரி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவர் முகம் தெளிந்தது. கை கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது 'வர்றேன்' என்று சொல்லக் கூடாது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. மற்ற எந்த வாசலிலும் 'போறேன்' என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள். இந்த வாசலில் மட்டும் 'வர்றேன்' என்பது தப்பு. வாய் தவறி வந்துவிட்டால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வெளியேறுவார்கள். நாத்தனார் கவனமாக, "சரிங்க டாக்டர், கிளம்புறோம்" என்றாள்.

கடைக்காரம்மா கதவில் கைவைத்தவள் நின்று திரும்பினாள்.

"போயிட்டு வர்றோம் டாக்டர்" என்றாள். நன்றாக, வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.

நாத்தனார் அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். "அண்ணி! இங்க போய் அப்படிச் சொல்லலாமா?"

"ஏன் சொல்லக் கூடாது? வருஷக்கணக்கா வரணும்னு அவங்களே சொல்லிட்டாங்க. வருஷக்கணக்கான்னா என்ன அர்த்தம்? அத்தனை வருஷமும் வர்றதுக்கு இவரு இருப்பாருன்னுதானே? ஒரு தடவை இல்லடி, ஒம்பது தடவை சொல்லுவேன். வர்றோம், வர்றோம், வர்றோம்!"

மடிப்பு அதற்குள் வெளியே போய்விட்டிருந்தார். ஆடிக்கொண்டிருந்த கதவைக் கையால் நிறுத்தி, தலையை மட்டும் உள்ளே நீட்டி, பெண்டாட்டியைவிடச் சத்தமாக, "வர்றேன் டாக்டர்" என்றார்.